துணிக்குப் பின்னால் பார்த்த மோட்டார் படம்

மோட்டார் படத்தின் மூன்றாம் பாகம் சுத்தப் புளுகு என்று கோவிந்தராஜ் அத்தான் சொன்னார். படகுகள் அணையும் மாயாபந்தர் ஜெட்டியை ஒட்டிய சேக் தாவூத் பாய் கடையில், காலை வேளையில், டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். அந்த ஒரு பேச்சினால்தான், தை அமாவாசைக்கு வாங்கி வைத்திருந்த எள் வேறு வழிக்குப் போனது.

கோவிந்தராஜ் அத்தான் என் அக்காள் நீலாவதியைக் கட்டியவர். கட்டாமல் இருந்திருந்தாலும் எனக்கு அத்தான்தான். அவருடைய தாயார் அன்னம்மாள் எங்கள் அப்பாவுக்குப் பெரியப்பா மகள்; எனக்கு அத்தை முறை. சிவகங்கைப் பக்கம் மழை பொய்த்துப்போன சமயத்தில் அப்பா முதலில் கப்பலேறி இந்த மாயாபந்தர் தீவுக்கு வந்து, மரம் வெட்டும் வேலையில் நின்று, பிறகு உறவுகளை ஒவ்வொருவராக வரவழைத்தார். ஐம்பத்தைந்து ஐம்பத்தாறு வாக்கில் அத்தை வீட்டில் புறப்பட்டார்கள். மூன்று பேராகப் புறப்பட்டவர்கள் இரண்டு பேராக வந்து இறங்கினார்கள்.

மூன்றாமவர் பன்னீர்செல்வம். அத்தானுக்கு இளையவர். ஊரில் அண்ணனும் தம்பியும் ஒரே லாரியில் வேலை பார்த்தவர்கள். அண்ணன் ஸ்டியரிங்கில், தம்பி கிளீனர். மேட்டில் வண்டி நின்றால் பின்னால் உருண்டுவிடாமல் சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டையைக் கொடுப்பார்களே, அது பன்னீர் வேலை. அவர் எதற்கும் இடக்கையைத்தான் நீட்டுவார். கட்டையை நொட்டாங்கையால் வீசி வைத்து, குதிகாலால் ஒரு தட்டுத் தட்டி, உடனே தோளைத் தூக்கிக் காதைத் துடைத்துக்கொள்வார். காதில் ஒன்றும் இருக்காது. அது அவர் பழக்கம். சாப்பாட்டிலும் இடக்கைதான் முதலில் போகும். அத்தை கரண்டிக் காம்பால் தட்டி மாற்றி வைப்பாள். அவள் திரும்பியதும் பழைய கை வந்துவிடும்.

மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிற அன்று, "வெத்தலை தீந்துபோச்சுன்னியே ஆத்தா, ஓடிப் போயி வாங்கியாறேன்" என்று இறங்கிப் போனவர் திரும்பவில்லை. ஏணியை எடுத்துவிட்டார்கள். கப்பல் மெல்லக் கரையை விட்டு விலகியது. கரையில் நின்ற கூட்டத்தில் ஒரு கை மட்டும் எல்லாத் தலைகளுக்கும் மேலே நின்றது என்றும், அது நொட்டாங்கை என்றும் அத்தை சொல்வாள். அவ்வளவு தூரத்தில் எந்தக் கை என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "பெத்தவளுக்குத் தெரியாதா?" என்பாள்.

அடுத்த கப்பலில் வந்த ஒருவர், அந்த வாரம் துறைமுகத்துத் தண்ணீரில் ஒரு வாலிபன் விழுந்து செத்தான் என்று சொன்னார். பேர் தெரியாது, ஊர் தெரியாது. அதற்குப் பிறகு எந்தக் கப்பலில் யார் வந்தாலும் அத்தை ஜெட்டிக்குப் போய் விசாரிப்பாள். ஒரு தகவலும் இல்லை.

இப்படியே பன்னிரண்டு வருஷம் ஆனது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. காணாமல் போனவரைப் பற்றிப் பன்னிரண்டு வருஷம் பேச்சுமூச்சு இல்லையென்றால், போய்விட்டார் என்று வைத்துக் காரியம் செய்துவிட வேண்டும். எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டால் ஆள் செத்தவர்தான். பிறகு உயிரோடு வந்து வாசலில் நின்றாலும், பழைய பேரைச் சொல்லி வீட்டுக்குள் கூப்பிட முடியாது. அதை அத்தையிடம் எடுத்துச் சொன்னவர் அவள் கொழுந்தனார் சொக்கலிங்கம். அத்தானுக்குச் சித்தப்பா, எனக்கு மாமா முறை. நல்ல மனுஷர், ஆனால் சாஸ்திரம் என்றால் கயிற்றை இழுத்துக் கட்டுகிறவர்.

"மதினி, தவிச்சுக்கிட்டு நிக்கிற உசுருக்கு ஒரு வாய்த் தண்ணி இறைக்காம இருக்கலாமா? நாளைக்கு உங்களையும் என்னையும் கேக்காதா அது?"

அத்தை அதற்குப் பிறகும் ஜெட்டிக்குப் போய் விசாரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "செய்யுங்க கொழுந்தனாரே. ஆனா நான் கரைக்கு வரமாட்டேன். கண்ணால பாக்கமாட்டேன்."

தை அமாவாசை என்று முடிவானது. எள்ளைத் தாவூத் பாய்தான் தம் கடையிலிருந்து நிறுத்துக் கொடுத்தார். தம் கையாலேயே பொட்டலம் கட்டினார்.

இனி மோட்டார் படத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் எங்களுக்கு சினிமா என்றால் அது லாஞ்சில், கடல் வழியாக, வரும். பிஸ்வாஸ் பாபு என்று ஒரு வங்காளி, சர்க்கார் ஆள். பெட்டி, மிஷின், சத்தம் போடுகிற ஜெனரேட்டர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தீவு தீவாகப் போய்ப் படம் காட்டுவார். கதைப் படம் அபூர்வம். மலேரியாக் கொசு, நெல் நாற்று, அணைக்கட்டு, இப்படித்தான். அந்த வருஷம் மோட்டார் படம் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு பாகம். முதல் பாகத்தில் இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று காட்டினார்கள். இரண்டாம் பாகத்தில் பெரிய பட்டணத்து ரோட்டில் போலீஸ்காரர் கை காட்டினார். இரண்டையும் பள்ளிக்கூடத்துச் சுவரில் காட்டினார்கள். அத்தான் இரண்டையும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்.

அவருக்கு அந்தப் படங்களின் மேல் அப்படி ஒரு ஆசை. ஏனென்றால் அவர் ஓட்டிய ரோடு அப்படிப்பட்டது. ஜெட்டியிலிருந்து காட்டு டிப்போவுக்கு, டிப்போவிலிருந்து ஜெட்டிக்கு. படாக் மரத்தையும் கர்ஜன் மரத்தையும் ஏற்றிக்கொண்டு வரும் பழைய சர்க்கார் லாரி. மூன்றாவது கியர் போட்டு வண்டி நிமிர்வதற்குள் ரோடு முடிந்து கடல் வந்துவிடும். "நாலாவது கியரு என் வண்டியில குமரியாவே இருந்து கிழவியாயிடுச்சு" என்பார். பின்னால் பார்க்கிற கண்ணாடி என்றோ ஒரு கிளையில் மாட்டி உடைந்துபோனது. வேறு மாட்டவில்லை. பின்னால் யார் வரப்போகிறார்கள்? பள்ளிக்கூடத்துச் சுவரில் முடிவே இல்லாத அந்தப் பட்டணத்து ரோட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று, தூக்கத்தில் அவர் வலது கால் பாயை மிதித்துக்கொண்டே இருந்தது என்று அக்காள் சொன்னாள்.

மூன்றாம் பாகம் வந்தபோது பள்ளிக்கூடத்துக் கூடத்தில் அரிசி மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அதனால் ஜெட்டிக்கு மேலே உள்ள மைதானத்தில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே வெள்ளைத் துணியைக் கட்டிக் காட்டினார்கள். காரியம் நெருங்கிய வீடு என்பதால் எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் போகவில்லை. அத்தானுக்கு அன்று கடைசி லோடு இருந்தது. இறக்கிவிட்டு வந்தபோது மைதானம் நிறைந்துவிட்டது. ஜெட்டிப் பக்கமாகவே லாரியை ஏற்றி நிறுத்தி, பானெட்டின் மேல் ஏறி உட்கார்ந்தார். துணிக்கு அந்தப் பக்கம் ஊர்; இந்தப் பக்கம் அவரும் கடலும்.

அமாவாசை நெருங்கிய இருட்டு. அந்த இருட்டில் துணி மட்டும் ஒரு ஜன்னல் மாதிரி திறந்துகொண்டது என்று அத்தான் சொல்வார். அதில் மலை. மலையைச் சுற்றி ரோடு. ரோட்டில் ஒரு கார், அதற்கு முன்னால் திணறித் திணறி ஏறும் ஒரு பஸ். கடல் காற்று அடிக்கும்போது துணி உப்பும். மலையும் சேர்ந்து உப்பும், மூச்சு விடுகிற மாதிரி. கொண்டை ஊசி வளைவில் பஸ் நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஒருவன் குதித்து ஓடிவந்தான். கட்டையை வீசி வைத்தான். குதிகாலால் தட்டினான். தோளைத் தூக்கிக் காதைத் துடைத்துக்கொண்டான்.

அத்தான் பானெட்டிலிருந்து இறங்கிவிட்டார். துணியைத் தொடுகிற தூரம் வரை போய்விட்டார். அதற்குள் பஸ் கிளம்பி வளைவில் மறைந்தது. கார் மட்டும் மேகத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து அக்காளிடம் மட்டும் சொன்னார்.

"ஒருத்தனைப் பாத்தேன் நீலா. நம்ம பன்னீரு மாதிரியே. ஒடம்பு, நடை, காதைத் தொடைக்கிறது எல்லாம் அச்சு."

"என்னங்க சொல்றீங்க!"

"இல்ல, அவன் இல்ல. இவன் சோத்தாங்கைக்காரன். கட்டையை வலக்கையாலதான் வச்சான். ஊரும் நம்ம ஊரில்ல. ஆத்தாகிட்ட சொல்லாத."

அக்காள் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவர் டீக்கடைக்குப் போனார். அமாவாசைக்கு இன்னும் ஒரே பகல்தான் பாக்கி.

அங்கேதான் ஆரம்பித்தார்.

"சுத்தப் புளுகு பாய், இந்தப் பாகம். நம்ம நாட்டு மலைன்னு சொல்லி வெளிநாட்டைக் காட்டிட்டுப் போயிட்டான் அந்த பாபு."

"என்ன மாப்ளே சொல்றே? நான் முழுக்கப் பாத்தேனே."

"என்னத்தைப் பாத்தீங்க? ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருந்துச்சு? இடப்பக்கம். வண்டி எந்தப் பக்கம் ஓடுச்சு? வலப்பக்கம். நம்ம ஊர்ல அப்படி ஓட்டுனா போலீஸ்காரன் இறக்கிவிட்டு அறைவான். பஸ்ஸு நெத்தியில எழுத்து வேற. தமிழும் இல்ல, இந்தியும் இல்ல. ஜிலேபியைக் காயப்போட்ட மாதிரி."

தாவூத் பாய் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "எழுத்தா? நான் எழுத்துக்கூட்டிப் படிச்சேன்யா. பச்சைத் தமிழ்ல ஏற்காடுன்னு போட்டிருந்துச்சு. ஸ்டியரிங் பக்காவா வலப்பக்கம்."

"பாய், மோட்டாரைப் பத்தி என்கிட்டயா?"

"இரு, இரு. நீ எங்க உக்காந்திருந்தே? உன்னை மைதானத்துல காணோமே."

"ஜெட்டிப் பக்கம். வண்டி மேல."

"துணிக்குப் பின்னாடியா!"

கடையே சிரித்தது. பெஞ்சில் இருந்த ஒருவருக்குப் புரை ஏறிவிட்டது. "சட்டையை உள்பக்கம் வெளிய போட்டுக்கிட்டு டெய்லரைத் திட்டுற ஆளா இருக்கியே மாப்ளே" என்றார் பாய். "அந்தப் பக்கமிருந்து பாத்தா எல்லாம் மாறித்தான்யா தெரியும். நீ கண்ணாடி பாத்துத்தானே சவரம் பண்றே?"

"அவரு வண்டியில கண்ணாடி இருந்தால்ல தெரியும்" என்றார் புரை ஏறியவர்.

அத்தானும் சிரித்தார். கூச்சத்தோடு தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் டக்கென்று நின்றுவிட்டார். கிளாஸை மேசையில் வைத்தார். வெறும் வலக்கையைக் கீழே நீட்டி, இல்லாத ஒரு கட்டையை இல்லாத ஒரு சக்கரத்துக்கு வைத்தார். கையை எடுத்தார். பிறகு இடக்கையை நீட்டினார்.

"பாய். வளைவுல பஸ்ஸுக்குக் கட்டை கொடுத்தானே ஒருத்தன். எந்தக் கையால கொடுத்தான்?"

"கையை யாரு மாப்ளே பாத்தா? நான் காரைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"நான் வலக்கைன்னு பாத்தேன். எல்லாம் மாறித் தெரிஞ்சுதுன்னா..."

பாய்க்குப் புரிந்துவிட்டது. அத்தை வீட்டு விஷயம் ஊருக்கே தெரியும். எள்ளை நிறுத்துக் கொடுத்தவர் அவர்தானே. அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வந்தார்.

"பிஸ்வாஸ் பாபு விடியக்காலமே லாஞ்சில காளிகாட் போயிட்டாரு. இன்னிக்கு அங்க ஆட்டம். நம்ம டிங்கிப் படகு சும்மாதான் கெடக்கு. கிளம்பு. ஆத்தாவையும் கூட்டிக்க."

"ஆத்தாவையா? அவன் இல்லாமப் போனா?"

"இருக்கானா இல்லையான்னு சொல்றதுக்கு அவங்களை விட்டா யாரு இருக்கா?"

வீட்டில் சொன்னபோது சொக்கலிங்கம் மாமா தர்ப்பைக் கட்டோடு நின்றுகொண்டிருந்தார். "பொம்மைப் படத்தை நம்பிக் காரியத்தை நிறுத்துவியாடா?" என்று சத்தம் போட்டார்.

"நிறுத்தல சித்தப்பா. நாளைக்குக் காலையில வந்துருவேன். நீங்க கரையில எல்லாம் எடுத்து வச்சிருங்க. அவன் இல்லேன்னா நானே உக்காந்து எள்ளு இறைக்கிறேன். அதுக்கப்புறம் அவன் பேரை எடுக்கமாட்டேன்."

அத்தை எழுந்தாள். முகம் கழுவினாள். நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டாள். வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு, "படத்துல இருக்கவன் என்னைப் பாப்பானா கோவிந்து?" என்றாள்.

"பாக்கமாட்டான் ஆத்தா. நாமதான் பாக்கணும்."

"அப்ப நான் முன்னாடி உக்காந்துக்கிறேன்."

அவளைப் பிடித்து உட்கார வைக்க ஆள் வேண்டும் என்று நானும் கூடப் போனேன். பாய் டிங்கியை ஓட்டினார். காளிகாட்டுக்கு அப்போது ரோடு கிடையாது, தண்ணீர்தான் வழி. திறந்த கடலைத் தாண்டிக் காயலுக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் சதுப்பு மரங்கள் வேரை ஊன்றிக்கொண்டு, முட்டி போட்டு நிற்கிற மாதிரி நிற்கும். காற்று நின்றுவிட்டது. தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடந்தது. மரத்துக்கு மேல் மரம், மரத்துக்குக் கீழ் மரம். கரையில் பறந்த ஒரு வெள்ளைக் கொக்கு தண்ணீருக்குள்ளும் பறந்து வந்தது. அத்தை குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மாதிரிதான் ஆத்தா எனக்கு மாறித் தெரிஞ்சிருக்கு" என்றார் அத்தான்.

"தண்ணிக்குள்ள இருக்குறதும் அதே கொக்குதானே" என்றாள் அத்தை.

இன்ஜின் சத்தம்கூட தூரத்தில் வேறு எங்கோ கேட்கிற மாதிரி இருந்தது. எனக்கு நாங்கள் போகிறோமா, மரங்கள்தான் எங்களைத் தாண்டிப் போகின்றனவா என்று தெரியவில்லை.

காளிகாட்டில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அங்கே குடியேறியிருந்தவர்கள் எல்லாம் கிழக்கு வங்காளத்திலிருந்து நாடு பிரிந்தபோது வந்தவர்கள். அறுத்த வயலில் துணியைக் கட்டியிருந்தார்கள். தாளடியின் மேல் கோணியை விரித்து ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிஸ்வாஸ் பாபு அத்தானைப் பார்த்ததும் கையை விரித்தார்.

"அரே டிரைவர் சாப்! ஃபிர் ஆ கயே? இத்னா பசந்த் ஆயா பிக்சர்?" மறுபடியும் வந்துவிட்டீரே, படம் அவ்வளவு பிடித்துப்போனதா என்றார்.

"பிக்சர் நஹி பாபு. ஏக் ஆத்மி தேக்னா ஹை" என்றார் அத்தான். ஒரு ஆளைப் பார்க்க வேண்டும். பிறகு தனக்குத் தெரிந்த இந்தியில் விஷயத்தைச் சொன்னார். பாபு சிரிப்பை நிறுத்திவிட்டு, தாம் உட்காரும் ஸ்டூலைக் கொண்டுவந்து துணிக்கு முன்னால் போட்டார். அத்தை ஸ்டூலில் உட்காரவில்லை. அதைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அத்தான் அவளுக்கு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

துணி வெளிச்சமானது. மலை வந்தது. கார் வந்தது. ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தது. அத்தான் ஒரு பெருமூச்சு விட்டார். அந்தக் காரின் பளபளப்பு, கீழே தெரிந்த ஊர், மேகம், எல்லாம் கண்ணுக்கு முன்னால் போனது. எனக்கு ஒன்றும் மனதில் நிற்கவில்லை. பஸ் வந்தது. திணறியது. வளைவில் நின்றது.

ஒருவர் குதித்து ஓடிவந்தார். கட்டை இடக்கையில் இருந்தது. வீசி வைத்தார். குதிகாலால் தட்டினார். தோளைத் தூக்கிக் காதைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பினார்.

அத்தையின் விரல்கள் என் முழங்காலில் பதிந்தன. கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். பஸ் போய் மறைந்து, கார் மேகத்துக்குள் ஏறிய பிறகுதான் வாய் திறந்தாள்.

"இளைச்சிட்டாண்டா கோவிந்து."

அத்தான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"இன்னொருக்காக் காட்டச் சொல்லு."

பாபு ரீலைத் திருப்பிச் சுற்றினார். மிஷின் விளக்கை அணைக்க மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா தெரியவில்லை. துணியில் எல்லாம் பின்னோக்கி நடந்தது. மேகத்திலிருந்து கார் புட்டம் காட்டி இறங்கியது. பஸ் பின்பக்கமாகவே வளைவுக்கு வந்து நின்றது. பன்னீர் அத்தான் சக்கரத்தடியிலிருந்து கட்டையை எடுத்துக்கொண்டு, பின்பக்கமாகவே ஓடி, பின்பக்கமாகவே பஸ்ஸில் ஏறிக்கொண்டார். மலை இறங்கி, சமவெளி தாண்டி, துறைமுகத்துக்கே திரும்பி வந்துவிடுவார் போல இருந்தது. வெற்றிலை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறிவிடுவார் போல. அத்தை வெற்றிலைப் பையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி காட்டினார். மறுபடியும். எனக்குப் பக்கத்தில் இருந்த வங்காளிப் பெண், "கோன் ஹை?", யார் என்று மெல்லக் கேட்டாள். "பேட்டா" என்றேன்; மகன். அவள் பின்னால் திரும்பிச் சொன்னாள். அந்தச் சொல் ஒவ்வொரு வாயாக வயல் முழுக்கப் போவது கேட்டது. படம் பார்க்க வந்த ஜனங்களில், ஒரே வளைவைத் திரும்பத் திரும்பக் காட்டினாலும் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. விட்டுவந்த ஊரில் தங்களுக்கும் யாராவது அந்த வளைவில் நிற்பார்கள் என்று பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

"எப்ப எடுத்த படம் பாபு?" என்று தாவூத் பாய்தான் நினைவாகக் கேட்டார். போன வருஷம் எடுத்தது என்றார் பாபு. பாய் தலையை மேலே தூக்கி ஏதோ முணுமுணுத்தார்.

மறுநாள் காலையில் டிங்கி மாயாபந்தருக்குத் திரும்பியபோது சொக்கலிங்கம் மாமா கரையில் வாழை இலை விரித்து, தர்ப்பையும் அரிசி மாவும் எள்ளும் எடுத்து வைத்துக் காத்திருந்தார். கரைக்கு வரவேமாட்டேன் என்று சொன்ன அத்தை முதலில் இறங்கினாள். முழங்கால் தண்ணீரில் சேலையைத் தூக்கிக்கொண்டு நேரே அவரிடம் நடந்தாள்.

"கொழுந்தனாரே, அந்த எள்ளைக் குடுங்க."

"எதுக்கு மதினி?"

"உருண்டை பிடிக்க."

"அமாவாசையும் அதுவுமா, காரியத்துக்கு வச்ச எள்ளுலயா?"

"பாத்துட்டேன் கொழுந்தனாரே. நொட்டாங்கையாலதான் கட்டை போடுறான். இன்னும் காதைத் தொடைக்கிறான், பைத்தியக்காரப் பய."

மாமா அத்தானைப் பார்த்தார். அத்தான் தலையை ஆட்டினார். மாமா இலையை மடித்தார். கிணற்றடியில் போய் உட்கார்ந்து, வெகுநேரம் யாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்.

எள்ளை அத்தையே வறுத்தாள். வெல்லம் பாய் கடையிலிருந்து வந்தது. மற்ற வீடுகளில் எல்லாம் கடலுக்கு எள் இறைத்த நாளில், எங்கள் வீட்டில் எள்ளும் வெல்லமும் சேர்ந்த மணம் ஜெட்டி வரைக்கும் போனது. கொடுத்தபோது வாங்கவே சிலர் தயங்கினார்கள். தாவூத் பாய்தான் முதலில் வாயில் போட்டுக்கொண்டு, "ஏலக்காய் பத்தல ஆத்தா" என்றார். கடைசியாக மாமா வந்து கையை நீட்டினார். அத்தை அவர் கையில் இரண்டு வைத்தாள்.

அடுத்த வருஷம் அத்தான் லீவு போட்டு மெயின்லேண்ட் போனார். சேலத்தில் இறங்கி, ஏற்காட்டுப் பஸ்ஸைக் கண்டுபிடித்து, டிரைவர் பக்கத்திலேயே உட்கார்ந்து போனார். மலை தொடங்குவதற்கு முன் உள்ள நேர் ரோட்டில் டிரைவர் நாலாவது கியரைத் தட்டிவிட்டபோது அத்தான் கண்ணை மூடிக்கொண்டாராம். வளைவில் பஸ் நின்றபோது வேறு ஒரு கிளீனர் குதித்தான்.

"நொட்டாங்கைப் பன்னீரா? அவன் லைசன்ஸ் வாங்கிட்டான் அண்ணே" என்றார் டிரைவர். "இப்ப வடக்க லாரி ஓட்டுறான். ஒரு எடத்துல நிக்கமாட்டான். எங்க சனமெல்லாம் கப்பல் ஏறிப் போயிட்டாங்க, கடல்ல எந்தத் தீவுன்னு தெரியலைன்னு சொல்லுவான். கடலோரமாப் போற லோடுன்னா அவனே கேட்டு வாங்கிக்குவான்."

அத்தான் மாயாபந்தர் விலாசத்தை அந்த டிரைவரிடமும், பஸ் ஸ்டாண்டில் இருந்த டீக்கடைகளிலும், லாரிகள் நிற்கிற ஷெட்டிலும் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினார். அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாராம்.

அத்தை கேட்டுவிட்டுச் சிரித்தாள். "லைசன்ஸ் வாங்கிட்டானா? அப்ப வருவான். அங்கதான் ரோடு முடியவே முடியாதுன்னு நீதானே சொல்லுவே. முடியாத ரோட்டுல போறவன் திரும்ப நேரமாகத்தானே செய்யும்."

அவள் இருந்த வரையில் பன்னீர் அத்தான் வரவில்லை. அவருக்குக் காரியமும் யாரும் செய்யவில்லை. சொக்கலிங்கம் மாமாவே பிறகு யாரையும் பேசவிடமாட்டார். ஒவ்வொரு தை அமாவாசைக்கும் அத்தை எள் வறுத்தாள். அவளுக்குப் பிறகு நீலாவதி அக்காள் வறுத்தாள். ஏலக்காய் மட்டும் தாராளமாகப் போடுவாள்.

பிஸ்வாஸ் பாபு அதற்குப் பிறகும் எத்தனையோ படம் கொண்டுவந்தார். அத்தான் எந்தப் படத்தையும் பாதி முன்னாலிருந்து பார்ப்பார். பிறகு எழுந்து துணியைச் சுற்றிப் போய், கடல் பக்கம் நின்று மீதியைப் பார்ப்பார். டீக்கடையில் மோட்டார் படத்தின் பேச்சு வந்தால் மற்றப் பாகங்களில் ஏதாவது குறை சொல்வார். இன்ஜினைக் காட்டியவன் எண்ணெய்க் கறை ஆகாத கையோடு காட்டினான் என்பார். பட்டணத்து ரோட்டில் ஒரு மாடுகூடக் குறுக்கே வரவில்லை என்பார்.

"மூணாவது பாகம்?" என்று தாவூத் பாய் வேண்டுமென்றே கேட்பார்.

"அது மட்டும் நெசம் பாய்" என்பார் அத்தான். சொல்லிவிட்டுக் கிளாஸை இடக்கையால் எடுத்து ஒரு வாய் குடிப்பார்.